புகையைப் பிடித்துப் புதைக்க விரும்புவோருக்கு

உங்களிடம் ஒரு பழைய அனல்மின் நிலையம் இருக்கிறது. மூட மனம் வரவில்லை. கவலை வேண்டாம், ஒரு பில்லியன் டாலரை மட்டும் எடுத்து வையுங்கள்.

புகைபோக்கியில் வருவதில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று பங்குதான் கரியமில வாயு. அமீன் கரைசலைக் கோபுரத்தின் உச்சியிலிருந்து தூவினால், அது அந்த வாயுவை மட்டும் கவ்விக்கொள்ளும். கவ்வியதை லேசில் விடாது. 120 டிகிரிக்குச் சூடாக்கினால்தான் கக்கும். அந்தச் சூட்டை டர்பைனுக்குப் போகும் நீராவியிலிருந்தே எடுக்க வேண்டும். மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது இதிலேயே போய்விடும். ஐந்து பந்திக்குச் சமைத்தால், முதல் பந்தியில் சமையல்காரர்களே உட்கார்ந்துவிடுவார்கள்.

வயிறு எரிகிறதா? டெக்சாஸ் வழியைப் பின்பற்றுங்கள். 2017-ல் ஓடத் தொடங்கிய பெட்ரா நோவா திட்டத்தில், பிடிக்கும் வேலைக்கென்றே தனியாக ஓர் எரிவாயு மின்நிலையம் கட்டினார்கள். அதன் புகையை யாரும் பிடிக்கவில்லை. அதையெல்லாம் கேட்கக் கூடாது.

பிடித்த வாயுவைச் சுமார் 130 கிலோமீட்டர் குழாயில் அனுப்பி, ஒரு பழைய எண்ணெய் வயலுக்குள் இறக்கினார்கள். வாயு உள்ளே போனால், பாறையில் ஒட்டிக் கிடக்கும் எண்ணெய் வெளியே வரும். அதை விற்றுத்தான் போட்ட காசை எடுக்க வேண்டும். ஆகவே, பூமியைக் காப்பாற்றக் கிளம்பிய நீங்கள் தினமும் காலையில் கச்சா எண்ணெய் விலை ஏற வேண்டும் என்று சாமி கும்பிடுங்கள். அங்கே வேண்டுதல் பலிக்கவில்லை. 2020-ல் விலை விழுந்தது, மே மாதம் பிடிப்பதை நிறுத்தினார்கள். நிலக்கரி மட்டும் தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. 2023-ல்தான் மறுபடி ஆரம்பித்தார்கள்.

பக்கத்தில் எண்ணெய் வயல் இல்லையென்றால் தூத்துக்குடிப் பக்கம் பாருங்கள். அங்கே ஒரு ரசாயன ஆலை, கொதிகலன் புகையில் பிடித்த வாயுவைக் கொண்டு சோடா உப்பு செய்தது. புதைப்பு இல்லை, வியாபாரம் உண்டு.

புதுமைப் பிரியர்களுக்கு மிசிசிப்பியின் கெம்பர் மின்நிலையம். நிலக்கரியை எரிக்காமல் வாயுவாக்கி, கரியமில வாயுவைப் பிரித்தெடுப்பதாகத் திட்டம். செலவு 7.5 பில்லியன் டாலரைத் தொட்டது. 2017-ல் நிலக்கரியைக் கைவிட்டு இயற்கை எரிவாயுவுக்கே மாறினார்கள். 2021-ல் வாயுவாக்கும் பகுதியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். நிலக்கரிப் புகை அங்கே இப்போது அறவே இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

புதைத்தது புதைத்தபடி கிடக்குமா என்ற சந்தேகம் மட்டும் வேண்டாம். நார்வேயின் ஸ்லைப்னர் வயலில் 1996 முதல் கடலடிக்குக் கீழே, மணற்பாறைக்குள், ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் வரை இறக்கியிருக்கிறார்கள். ஆனால் அது மின்நிலையப் புகை அல்ல. தோண்டி எடுக்கும் எரிவாயுவில் கலந்திருப்பது. விற்க வேண்டுமானால் எப்படியும் பிரித்தே ஆக வேண்டும். பிரித்ததைக் காற்றில் விட்டிருக்கலாமே என்பீர்கள். விட்டால் டன்னுக்கு இவ்வளவு என்று 1991-லேயே அரசாங்கம் வரி போட்டுவிட்டது. கணக்குப் பார்த்தால் புதைப்பதுதான் மலிவு. இந்த வரி விஷயத்தை உங்கள் ஊர் நிதியமைச்சர் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.