ஆகாயத்தாமரை மகசூல்: ஒரு விண்ணப்பம்

பெறுநர்: கோவைக் குளங்களில் ஆகாயத்தாமரை அள்ளும் பொறுப்பிலிருக்கும் மேலதிகாரி அவர்கள்

ஐயா,

நான் சூலூர்ப் பக்கம் தென்னையும் சோளமும் வெச்சிருக்கற ஆளுங்க. ஆயிரம் அடி போர் போட்டும் புழுதிதான் வருது. உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்குக்கூட மிஞ்சாதும்பாங்க, நான் கணக்குப் பார்க்கறதையே விட்டுட்டேன்.

ஆனா உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளத்துல நீங்க எடுக்கற வெள்ளாமையப் பார்த்தா வயிறெரியுதுங்க. உழவு இல்ல, விதைப்பு இல்ல. நான் மூட்டைக் கணக்குல காசு குடுத்து வாங்கற தழைச்சத்தும் மணிச்சத்தும் உங்களுக்கு ஊர்ச் சாக்கடையிலயே வந்து சேர்ந்துருது. வாகா வெயில் அடிச்சா ரெண்டு வாரத்துல பயிர் ரெட்டிப்பு. செலவெல்லாம் அறுவடைக்குத்தான்: மிதவை பொக்லைன், டிப்பர், ஆள் கூலி. அள்ளி முடிச்சு நீங்க போட்டோ எடுக்கறதுக்குள்ள அடுத்த போகம் எட்டிப் பார்க்குது. அதோட விதை சேத்துக்குள்ள பதினஞ்சு வருசம்கூடத் தூங்குமாம். நம்ம எந்த விதை கிடக்கும், சொல்லுங்க?

அமேசான் பக்கத்துச் செடியாமா இது. வங்காளத்துல இத ஒழிக்க 1936லயே தனிச் சட்டம் போட்டாங்க. செடிக்குப் படிக்கத் தெரியல. 1910ல அமெரிக்காவுல, லூசியானாத் தண்ணியில மண்டுனதத் தின்னு தீர்க்க ஆப்பிரிக்காவுலிருந்து நீர்யானை கொண்டாரலாம்னு ஒரு மசோதாவே வந்துது. நெசமுங்க. நிறைவேறாமப் போச்சு. வாலாங்குளத்துலதான் படகுச் சவாரி இருக்குதே, கூடவே நாலு நீர்யானை விட்டா டிக்கெட் பிச்சுக்கும். 1980கள்ல நம்ம நாட்டுல கூன்வண்டு விட்டும் பார்த்தாங்க. அது தின்னுதுதான், ஆனா மெல்ல. போதாததுக்கு வண்டுக்குப் பில்லு போடத் தெரியாது.

சாக்கடையச் சுத்திகரிச்சு விடுங்க, செடி தானாக் காஞ்சுரும்னு சில பேர் சொல்லிட்டுத் திரியறாங்க. அவங்க பேச்சக் கேட்டுராதீங்க. ஓசி உரத்த நிறுத்துனா மகசூல் என்னாவறது? ஒப்பந்தக்காரர் குடும்பம் என்னாவறது? அதுக்குப் பதிலா இத ஒரு பயிர்னு அறிவிச்சு, ஆதார விலை வெச்சுருங்க. வேளாண் பல்கலைக்கழகம் ஊருக்குள்ளயேதான் இருக்குது, சாகுபடிக் கையேடு போட்டுக் குடுப்பாங்க. நாங்களும் தென்னைய வெட்டிட்டு வந்துர்றோம்.

நாத்துக்குக்கூட நாங்க அலைய வேண்டியதில்ல. நொய்யல்ல மொதல் வெள்ளம் வந்தா மேக்கால விளையறது மிதந்து எங்க பக்கத்துக்கே வந்துருது.

இப்படிக்கு,
சூலூர்ச் சம்சாரி

பி.கு.: போன மாசம் அள்ளிக் கரையில குவிச்சது, மழையில சரிஞ்சு பாதி திரும்பக் குளத்துக்குள்ளயே போயிருச்சுங்க. அத மறுக்கா அள்ளறது பழைய டெண்டர்ல வருமா, புது டெண்டரா? பங்காளி ஒருத்தன் டிப்பர் வெச்சிருக்கறான், கேக்கச் சொன்னான்.