பாலத்துக்குள் 33 அறை

1704-இல், பவேரியாவில் பிளென்ஹைம் என்ற கிராமத்தருகே பிரெஞ்சுப் படையைப் புரட்டி எடுத்தார் மார்ல்பரோ டியூக். இங்கிலாந்தின் ஆன் ராணிக்குத் தலைகால் புரியவில்லை. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் உட்ஸ்டாக் எஸ்டேட்டைத் தூக்கிக் கொடுத்து, அங்கே அரண்மனையும் கஜானா செலவில் எழும்பும் என்று வாக்குக் கொடுத்தார். எஸ்டேட்டுக்குச் சட்டமே போட்டார்கள். கட்டடத்துக்கு எவ்வளவு, எதுவரை என்பதற்கு ஒரு துண்டுச்சீட்டு கிடையாது.

டியூக்கின் மனைவி சாரா, செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் வேண்டும் என்றார். டியூக் பிடித்து வந்ததோ ஜான் வான்பிராவை. சிரிப்பு நாடகம் எழுதுகிறவர். பாஸ்டீல் சிறையில் களி தின்றவர். கட்டடக் கலை படித்ததில்லை. நாடகக்காரரிடம் வீடு கேட்டால் என்ன வரும்? செட் வந்தது. வாசலில் ஆங்கிலச் சிங்கம் பிரெஞ்சுச் சேவலைக் குதறுகிறது. தெற்குப் பக்க உச்சியில் பிரெஞ்சு மன்னர் 14-ஆம் லூயியின் மார்பளவுச் சிலை, சுமார் 30 டன், டூர்னே நகரில் பிடுங்கி வந்தது. தோற்றவன் தலையை வடகம் மாதிரி மாடியில் காயவைத்திருக்கிறார்கள். சமையற்கட்டு எங்கோ ஒரு கோடியில். ஆட்டுக்கறி டியூக்கின் தட்டுக்கு வருவதற்குள் ஆறிப்போகும். அதைப் பற்றி வான்பிராவுக்கு என்ன கவலை? நாடகத்தில் யார் நிஜமாகச் சாப்பிடுகிறார்கள்!

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது பாலம். கீழே ஓடுவது கிளைம் என்ற சிற்றோடை. வேட்டியை மடித்துக் கட்டினால் தாண்டிவிடலாம். அதன்மேல் 100 அடி அகல வளைவோடு பாலம், பாலத்துக்குள் அறைகள். சாரா ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்: 33. யார் குடியிருப்பதற்கு என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. பாலத்துக்கு ஏற்ற தண்ணீர் 1760-களில்தான் வந்தது. தோட்டக் கலைஞர் கேப்பபிலிட்டி பிரவுன் ஓடையை அணைகட்டி ஏரியாக்கினார். கீழ் அறைகள் மூழ்கின.

இதற்கிடையில் சாரா ராணியோடு சண்டை போட்டு, அவரிடம் வகித்த அரசவைப் பதவியை இழந்தார். 1712-இல் கஜானா கதவைச் சாத்தியது. கொத்தனார்கள் கூலி பாக்கிக்கு டியூக்கின் மேலேயே வழக்குப் போட்டார்கள். வான்பிராவோ 1716-இல் சாராவின் வாய்க்குத் தாங்காமல் வேலையை விட்டுப் போனார். 1725-இல் தான் கட்டியதைப் பார்க்க நண்பர்களோடு வந்தார். அவரை உள்ளே விடக்கூடாது என்று சாராவின் உத்தரவு. அவர் மனைவிக்கும் சேர்த்து. நண்பர்கள் சுற்றிப் பார்க்க, தம்பதி ஊர்ச் சத்திரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மறு வருஷம் வான்பிரா காலமானார்.

அந்த எஸ்டேட்டுக்கு இன்றைக்கும் வாடகை உண்டு: ஆண்டுதோறும் போர் நடந்த ஆகஸ்ட் 13-க்குள் வின்ட்சர் கோட்டையில் ஒரு பிரெஞ்சுக் கொடி.