மூழ்கினால் வேகம் தெரியுமா?

கேள்வி: ரிமோட்டில் ஓடும் மாதிரி நீர்மூழ்கியின் வேகத்தை எப்படி அளப்பது? உள்ளே ஜி.பி.எஸ். வைத்தால் போதாதா?
– ஒரு வாசகர், மயிலாப்பூர்

பதில்: போதாது. கப்பல் முங்கியதுமே ஜி.பி.எஸ். கைவிரித்துவிடும், செயற்கைக்கோள் அலைக்கு நீச்சல் தெரியாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டும் அதே கட்சிதான். 40, 75 மெகாஹெர்ட்ஸ் அலைகள் நன்னீரில் சில மீட்டர் இறங்கும். மெரினாவின் உப்புநீரில் அவையும் தோற்கும்.

ஆகவே நீச்சல்குளமும் ஸ்டாப்வாட்சும்தான் கதி. 10 மீட்டருக்கு அடையாளம் வைத்து, அதற்கு முன்பே கப்பலை வேகமெடுக்கவிட வேண்டும். 8 விநாடியில் கடந்தால் மணிக்கு 4.5 கிலோமீட்டர். தீபாவளி சமயத்து ரங்கநாதன் தெருவில் எவராலும் எட்ட முடியாத வேகம்!

சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறையில் இதற்கு நேர்மாறு. அங்கே நீளத் தொட்டியில் மாதிரிக் கப்பலை வண்டி இழுக்கும். வேகம் முன்பே தெரியும், அளப்பது தண்ணீரின் எதிர்ப்பை.

கபாலீசுவரர் குளத்தில் மட்டும் முயல வேண்டாம். அங்குள்ள மீன்களுக்குப் பொரி போதும்.