படம் பார்த்து, பதம் பார்த்து

கேள்வி: 'கங்குவா'வைத் தியேட்டரில் தவற விட்டுவிட்டேன். வீட்டில் பார்க்கலாமா? (வாசகர், சத்திரப்பட்டி)

பதில்: சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள் என்று தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்ட படம் அது. வீட்டில் ரிமோட் உங்கள் கையில். தாராளமாகப் பாருங்கள்.

கேள்வி: 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மூன்றாம் முறை பார்த்தேன். ஒரு மலையாளப் படத்துக்கு நம் பக்கம் அப்படிக் கூட்டம் கூடியது எதனால்? (வாசகர், ஆயக்குடி)

பதில்: கதையில் பாதி நம் திண்டுக்கல் மாவட்டத்துக் குகைக் குழிக்குள் நடக்கிறது. கூட்டம் கூடாமல் இருக்குமா? நெய்க்காரப்பட்டியில் நின்று தெற்கே நிமிர்ந்தால் தெரிகிற கொடைக்கானல் மலைதானே அது! ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடச் சுற்றுலா போய், வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, மேலே போய்க் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று இருட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்த ஆட்கள் நாம். அந்த இருட்டுக்குள் என்ன இருக்கிறது என்று 2024 பிப்ரவரியில் சிதம்பரம் என்ற மலையாள இயக்குநர் வந்து காட்ட வேண்டியிருந்தது.

அந்தக் குகைக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் பிசாசின் சமையலறை. 1991 தீபாவளிக்கு 'தளபதி'யும் 'குணா'வும் ஒரே நாளில் வந்தன. கூட்டம் 'தளபதி' பக்கம் போனது. குகையின் பெயர் மட்டும் அங்கே எடுத்த 'குணா'வுக்குக் கிடைத்தது, அதுவும் பாறையில் செதுக்கியது மாதிரி! 2006-இல் கொச்சிப் பக்கத்து மஞ்ஞும்மலிலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் அங்கே குழிக்குள் விழுகிறார், இன்னொருவர் கயிறு கட்டி இறங்கி அவரைத் தூக்கி வருகிறார். நடந்த கதை. 'குணா'வில் காதலுக்காகப் பிறந்த இளையராஜாவின் பாட்டு, முப்பத்து மூன்றாவது வருடத்தில் நண்பனைத் தூக்குகிற கயிறாகிவிட்டது. தியேட்டரில் அந்த இடத்தில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

குகையைப் பெரும்பாவூரில் செட்டாகப் போட்டவர் அஜயன் சாலிசேரி. பாறையின் ஈரம், வேர், சேற்று வழுக்கல் எதிலும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. மலைக்காரர்கள் தமிழிலேயே பேசுகிறார்கள், மலையாளத்துப் பையன்கள் மலையாளத்திலேயே அழுகிறார்கள். இடத்துக்கு மரியாதை கொடுத்து எடுப்பது என்றால் இதுதான். ஒன்று மட்டும் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. உதவி கேட்டு வந்த பிள்ளைகளைக் காவல் நிலையத்தில் அடிக்கிற காட்சி. இந்த மாவட்டத்துக்காரனாகத் தலை குனிந்துதான் பார்த்தேன்.

கேள்வி: பிக் பாஸ் பார்ப்பீர்களா? (வாசகி, பாலசமுத்திரம்)

பதில்: மாட்டேன். கதவைச் சாத்திவிட்டுச் சண்டை மூட்டுகிற வீட்டுக்குப் போய் எனக்குப் பழக்கமில்லை.

கேள்வி: 'மெய்யழகன்' நீளம் என்கிறார்கள். உங்கள் கருத்து? (வாசகர், மடத்துக்குளம்)

பதில்: நீளம் என்று சொன்னவர்கள் பேச்சைக் கேட்டு, படம் வெளிவந்த பிறகு 18 நிமிடத்தை வெட்டினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. பிரேம்குமார் '96'-இலும் ஓர் இரவைத்தான் எடுத்தார், இதிலும் ஓர் இரவைத்தான் எடுத்திருக்கிறார். பிறந்த வீட்டை இழந்து சென்னைக்குப் போன ஒருவர், இருபது வருடத்துக்கு மேல் ஆன பிறகு கல்யாணத்துக்காக ஊர்ப் பக்கம் வருகிறார். பெயர்கூட நினைவில்லாத ஒருவன் விழுந்து விழுந்து கவனிக்கிறான். அப்படி ஓர் இரவில் மணி பார்த்தா பேசுவார்கள்?

வெல்லம் காய்ச்சுகிற ஊர்க்காரன் சொல்கிறேன், கேளுங்கள். பாகு பதத்துக்கு வரும்வரை கொப்பரையை இறக்கக் கூடாது. அவசரப்பட்டு இறக்கினால் அச்சில் நிற்காமல் இளகி ஓடும். அப்படி ஊருக்கு வந்த அரவிந்த் சாமி விடியற்காலையில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்புகிறாரே, அந்த வெட்கம் நம் தொண்டையில் அடைக்க வேண்டுமானால் அதற்கு முந்தின பேச்சு முழுக்க வேண்டும். அந்த 18 நிமிடமும் விறகுதான்.

கேள்வி: இடைவேளையில் பாப்கார்ன் விலை...? (வாசகர், கீரனூர்)

பதில்: கடலை மிட்டாய் கொண்டு போங்கள்.

கேள்வி: சினிமாவில் திண்டுக்கல் மாவட்டம் என்றாலே மதுரைப் பேச்சு பேசுகிறார்களே, நம் பக்கத்துப் பேச்சு யார் கண்ணிலும் படாதா? (ஆசிரியை, தொப்பம்பட்டி)

பதில்: அம்மிணி, இந்தக் கேள்விக்காகத்தான் நான் ஆறு மாதமாகக் காத்துக் கிடந்தேன்!

மாவட்டம் திண்டுக்கல், பேச்சு கொங்கு. இது சென்னையில் உட்கார்ந்து வசனம் எழுதுகிறவருக்குத் தெரியாது. வரைபடத்தில் திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் மதுரையைப் பார்ப்பார், உடனே ஒரு அருவாளையும் நாலு 'அண்ணே'யையும் எடுத்து வைப்பார். நாம் வாயைத் திறந்தால் 'ஏனுங்க', நாலு அடி தள்ளி நிற்கச் சொன்னால் 'அக்கட்டால'. கோபத்தில் ஒருவனை அடிக்கப் போகும்போதும் 'ங்க' போட்டுத்தான் அடிப்போம்.

சரி, கொங்குப் பேச்சு திரைக்கு வரவே இல்லையா என்றால், நிறையவே வந்திருக்கிறது, சிரிக்க வைக்க! கவுண்டமணி நம் உடுமலைப் பக்கத்து வல்லகுண்டபுரத்துக்காரர். 'சதி லீலாவதி'யில் கமலும் கோவை சரளாவும் பேசுகிற பேச்சை இன்றைக்குக் கேட்டாலும் விலா நோகும். 1995 படம், ஒரு இடத்திலும் பிசிறு இல்லை. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் இந்தப் பேச்சில் ஒருவர் அழ வேண்டாமா? கடன்காரன் முன்னால் நின்று கெஞ்ச வேண்டாமா? காதலைச் சொல்ல வேண்டாமா? என் பாட்டி சாகும்போதும் இதே பேச்சில்தான் தண்ணீர் கேட்டாள்.

ஒரு படம் சொல்கிறேன், இன்றைக்கே தேடிப் பாருங்கள்: 'சேத்துமான்'. 2022-இல் சோனி லிவ்வில் வந்தது. பெருமாள்முருகனின் 'வறுகறி' கதையைத் தமிழ் என்ற இயக்குநர் எடுத்தார். ஒரு தாத்தா, ஒரு பேரன், பன்றிக்கறிக்கு ஆசைப்படுகிற ஒரு பண்ணையக்காரர். அந்தத் தாத்தா பேரனைக் கூப்பிடுகிற குரல் நம் தெருவில் கேட்கிற குரல். சிரிப்புக்கு வெளியே நம் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

கேள்வி: 'கொட்டுக்காளி' முடிவு புரியவில்லை. அடுத்து என்னதான் நடக்கிறது? (கல்லூரி மாணவர், பழனி)

பதில்: வினோத்ராஜ் ஒரு கேள்வியை உங்கள் மடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சூரி வண்டிக்குத் திரும்பி என்ன செய்வார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு காளை வழியை மறிக்கிறதே, அத்தனை ஆண்களும் மிரண்டு நிற்க ஒரு சின்னப் பெண் வந்து அதை ஓட்டிக்கொண்டு போகிறாளே, அங்கேயே எனக்கு விடை கிடைத்துவிட்டது.

கேள்வி: 'மர்மதேசம்' மாதிரி ஒரு தொடர் இனி வருமா? (வாசகர், உடுமலை)

பதில்: கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரத்தை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி 'ஒளியும் ஒலியும்' பார்த்து வளர்ந்த எங்களுக்கு, 'மர்மதேசம்' வந்த வாரங்கள் மறக்குமா? இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம். 'ரகசியம்' கதை நவபாஷாண லிங்கத்தைச் சுற்றி ஓடும். மற்ற ஊர்களில் அது கற்பனை. போகர் செய்த நவபாஷாண முருகனைப் பழனி மலைமேல் வைத்திருக்கிற நமக்கு அது வீட்டு விஷயம்! 'விடாது கருப்பு' முடிந்ததும் கொல்லைப்பக்கம் போக ஆளுக்கு ஆள் துணை தேடுவோம். ஒரு வாரம் முழுக்க ஊரே துப்புத் துலக்கும். இப்போது எட்டு பகுதியையும் ஒரே ராத்திரியில் விழுங்கிவிட்டுக் காலையில் கதை மறந்து எழுகிறோம். காத்திருப்பதில் பாதிச் சுவை இருந்தது.

அதே நாகா 2024-இல் 'தலைவெட்டியான் பாளையம்' எடுத்தார். இந்தி 'பஞ்சாயத்'தின் தமிழ். தேவதர்ஷினிக்காகப் பார்க்கலாம். எனக்கு அவரிடமிருந்து 'விடாது கருப்பு'க் குதிரைக் குளம்பொலிதான் வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. அப்பா போன பிறகு மாலை ஆறு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தால் பத்து மணிவரை சீரியல்தான். எங்களோடு பேசுவதே குறைந்துவிட்டது. கேபிளை நிறுத்திவிடலாமா? (வாசகர், ஒட்டன்சத்திரம்)

பதில்: நிறுத்தாதீர்கள், தம்பி. நாற்பது ஐம்பது வருடம் ஒருவரோடு பேசிப் பழகிய வீடு அது. மாலை ஆறு மணி என்பது அப்பா வீடு திரும்புகிற நேரமாகக்கூட இருந்திருக்கலாம். அந்த நேரத்தில் வீட்டுக்குள் நாலு குரல் கேட்டாக வேண்டும். அதற்காகத்தான் அவர் அங்கே உட்கார்கிறார்.

2023 செப்டம்பர் 8 அன்று 'எதிர்நீச்சல்' மாரிமுத்து இறந்துபோனார். ஆதி குணசேகரனாக வந்து வீட்டுப் பெண்களை அடக்கி மிரட்டிய மனிதர். அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதே நெஞ்சு வலித்து வெளியே வந்தவர். அன்று எங்கள் தெருவில், ஒரு வருடத்துக்கு மேலாக அவரைத் தினமும் சபித்துக்கொண்டிருந்த பெரியம்மாக்கள் வாசலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். திட்டியும் அழுதும் உறவு கொண்டாட அவர்களுக்கு ஒரு மனிதர் இருந்தார், அன்று அவரும் போய்விட்டார்.

நாளைக்கு ஒரு வேலை செய்யுங்கள். எட்டு மணிக்கு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் வருகிறவரைக் காட்டி "இது யாரும்மா, நல்லவரா கெட்டவரா?" என்று கேளுங்கள். முதல் நாள் ஒரு வரியில் சொல்வார். மூன்றாம் நாள் விளம்பர இடைவெளி முழுக்கப் பேசுவார். பிறகு 'மெட்டி ஒலி'யில் ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுக்கப் பாடுபட்ட அந்த அப்பாவுக்குப் போவார், அங்கிருந்து உங்கள் அப்பாவுக்கு வந்து சேர்வார். அந்த நேரத்தில் போனைக் கையில் எடுக்காதீர்கள்.

கேள்வி: உங்களுக்குப் படம் எடுக்க வாய்ப்புக் கிடைத்தால் என்ன எடுப்பீர்கள்? (வாசகி, கணக்கன்பட்டி)

பதில்: மாரி செல்வராஜின் 'வாழை'யில், தார் சுமக்கிற கூலியை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாக்கக் கேட்பார்களே, அந்தக் காட்சி ஓடும்போது தியேட்டரில் என் பக்கத்து இருக்கைக்காரர் தோளைத் தடவிக்கொண்டார். தார் தூக்கின தோள். அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஊரே கொண்டாடியது. அதில் விழுகிற சர்க்கரைக்குக் கரும்பு வெட்டுகிற கையை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

ஆகவே என் படம் மார்கழி மாதம், பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால், ஓர் ஆலைக்கொட்டகையில், ஒரே ராத்திரியில் நடக்கும். வெளியே பனி, உள்ளே அனல். சாறு கொப்பரையில் விழும், சுண்ணாம்பு போடுவார்கள், அழுக்கு திரண்டு மேலே வரும், கரண்டியில் வழித்து எறிவார்கள். முற்றின பாகைத் துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு, உருட்டிப் பார்த்து ஒரு பெரியவர் தலையசைப்பார். வில்லன் வேண்டாம், விடியற்காலை லோடு ஏற்ற வருகிற வியாபாரி விலை சொன்னால் போதும். 'கொட்டுக்காளி'க்குப் பின்னணி இசை கிடையாது, என் படத்துக்கும் கிடையாது. பாகு கொதிக்கிற சத்தமே ஒரு தினுசான பேச்சு.

கதாநாயகிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. கொப்பரைக்கு அடியில் ராத்திரி முழுக்கக் காய்ந்த சக்கையைத் தள்ளித் தீயை அணையாமல் வைத்திருக்கிற பெண் அவள்.