அறுபதுக்கு மேல் வாசகர் ஆவது எப்படி?

பணி ஓய்வு விழாவில் போர்த்திய சால்வையின் மடிப்புக் கலைவதற்குள் வாசிப்பைத் தொடங்கிவிடுங்கள். தள்ளிப்போட்டால் குடியிருப்போர் சங்கத்தில் உங்களைப் பொருளாளர் ஆக்கிவிடுவார்கள். வழிமுறை இதோ:

1. முதலில் அலமாரி வாங்குங்கள். தேக்கு, கண்ணாடிக் கதவு, பூட்டு எல்லாம் அவசியம். சாவியைத் தொலைத்துவிட்டால் இன்னும் நல்லது. புத்தகம் கடைசிவரை புதுசாகவே இருக்கும்.

2. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போங்கள். 1977 முதல் நடக்கிறது. இத்தனை வருடமும் உங்களுக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். புத்தகத்தைக் கையில் தூக்கி, எடை பார்த்து வாங்குங்கள். பிரித்துப் பார்ப்பது அநாகரிகம்.

3. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில்தான் தொடங்க வேண்டும். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்ததை, வாசகர்கள் வாராவாரம் காத்திருந்து படித்தார்கள். நீங்கள் ஐந்து பாகத்தையும் பத்தே நாளில் முடிப்பதாக மருமகனிடம் அறிவியுங்கள். ஆடிப்பெருக்கன்று ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவான். நீங்கள் தூங்கிவிடுவீர்கள். மறுநாளும் அதே ஏரிக்கரை. ஆவணி பிறந்தும் குதிரை நகராது.

4. கல்கியைக் குறை சொல்லாமல் கண் மருத்துவரைப் பாருங்கள். நாற்பதில் வந்த வெள்ளெழுத்தை “இப்பல்லாம் அச்சே சரியில்ல” என்று சொல்லியே சமாளித்து வந்திருக்கிறீர்கள்.

5. கண்ணாடி வந்ததும், யாரிடமும் சொல்லாமல் கிளை நூலகத்துக்குப் போங்கள். சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியும் கட்டியவர் நீங்கள். அங்கே ஏதோ ஒரு தட்டு உங்கள் காசில் வாங்கியது. வாசலிலேயே நாளிதழை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துவைத்துக்கொண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ராசிபலன் பக்கத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினால் உள்ளே போகவே மாட்டீர்கள். நேரே நடந்து, அட்டை கிழிந்த ஒல்லிப் புத்தகமாக எடுங்கள். அட்டை கிழிய நாலு பேராவது படித்திருக்க வேண்டும். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ பொருத்தமானது. சின்ன நாவல், சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம். லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்தவருக்கு அதில் அகராதி பார்க்க வேண்டிய இடம் இருக்காது. பிடிக்காவிட்டால் பாதியில் திருப்பிக் கொடுங்கள். ஆயுள் முழுக்கக் கோப்புகளைக் கடைசிப் பக்கம்வரை படித்துக் கையெழுத்துப் போட்டவருக்கு இந்தச் சுதந்திரம் பழக நாளாகும்.

6. வாசிப்பு முற்றியதற்கான அறிகுறிகள்: குக்கர் ஐந்தாவது விசில் அடித்தும் காதில் விழாது. பஸ் தாமதமானால் சந்தோஷம் வரும். கல்யாண வீட்டில் மொய் எழுதிய கையோடு மூலையில் ஒரு நாற்காலியைத் தேடுவீர்கள். வந்தியத்தேவனும் இதற்குள் கடம்பூரைத் தாண்டியிருப்பான்.

7. அடுத்த கட்டமாக, நாமே ஒரு நாவல் எழுதினால் என்ன என்று தோன்றும். பதறாதீர்கள். நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, தி. ஜானகிராமனில் பத்துப் பக்கம் படியுங்கள். தணிந்துவிடும்.