மோட்டார் ஓடுது, தண்ணி வரலை: மேலகரத்தாருக்குச் சில யோசனைகள்

குழாயைத் திறந்தால் தண்ணீர் தயங்கித் தயங்கி வருகிறதா? யோசிக்கவே வேண்டாம், புது மோட்டார் வாங்கிவிடுங்கள். இருப்பது அரை ஹெச்.பி. என்றால் ஒன்று, ஒன்று என்றால் ஒன்றரை. தென்காசிக் கடைக்காரர் உங்களை உட்காரவைத்து டீ சொல்லி, எல்லாம் விசாரிப்பார், கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்பதைத் தவிர. கோயம்புத்தூர்ச் சரக்கு, குறை சொல்ல முடியாது. வீட்டுக்குக் கொண்டுவந்து சந்தனம் குங்குமம் வைத்து சுவிட்சைப் போடுங்கள். சத்தம் முன்னைவிட ஜோராக இருக்கும். தண்ணீர் முன்னைப் போலவே வரும்.

காரணம் என்னவென்றால், கிணற்றுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் மோட்டார் தண்ணீரை இழுப்பதே இல்லை. உறிஞ்சு குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைப்பதோடு அதன் வேலை முடிந்தது. கிணற்றுத் தண்ணீரின் மேல் கவிந்திருக்கும் வெளிக்காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. அந்தக் காற்றால் சுமார் 34 அடிக்கு மேல் தள்ள முடியாது. இத்தாலியில் பம்பு வைத்தவர்கள் அந்த உயரத்தில் தடுமாறி நின்றதை கலீலியோ 1638இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். நீர்க்கம்பம் தன் கனம் தாங்காமல் அறுந்துபோகிறது என்பது அவர் முடிவு. அவருடைய கடைசி மாதங்களில் கூடவே இருந்த டாரிசெல்லிதான் சூட்சுமம் காற்றில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். கலீலியோவுக்கே பிடிபடாதது உங்கள் மைத்துனருக்குப் பிடிபடவில்லை என்று கோபப்படுவது நியாயமில்லை.

குழாயின் உராய்வு, எல்போ வளைவு எல்லாம் போக நடைமுறையில் கிடைப்பது இருபத்தைந்து அடிக்குள்தான். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் பத்து ஹெச்.பி. வைத்தாலும் கரண்ட் பில்தான் ஏறும். (இரட்டைக் குழாய் ஜெட் பம்பு வேறு ஜாதி; அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.)

அடுத்த யோசனை, பிளம்பரைக் கூப்பிடுவது. சாரல் சீசனில் மட்டும் கூப்பிடாதீர்கள். குற்றால லாட்ஜ்களில் குழாய் மாற்றிக்கொண்டிருப்பவர், “இந்தா அஞ்சு நிமிசத்துல வந்துருதேன் அண்ணாச்சி” என்பார். அந்த அஞ்சு நிமிஷம் ஆடி அமாவாசை வரைக்கும் நீளும். அதற்குள் நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மோட்டாரை நிறுத்திவிட்டு, பம்பின் தலையில் இருக்கும் திருகைக் கழற்றி, செம்பால் தண்ணீர் ஊற்றுங்கள். நிரம்பி நின்றால் நல்லது. ஊற்ற ஊற்ற உள்ளே போய்க்கொண்டே இருந்தால், நீங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கிணற்றுக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். அடியில் இருக்கும் புட்வால்வு மூடவில்லை.

வயல்காட்டுப் பெரியவர்கள் இதற்குச் சாணியைக் கரைத்து ஊற்றுவார்கள். சிரிக்க வேண்டாம். சாணியில் உள்ள நார் வால்வின் இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் நிற்கும், மோட்டார் எடுக்கும். நெல்லுக்குப் பாய்ச்ச அருமையான வைத்தியம். வீட்டுத் தொட்டிக்கு என்றால் அன்றைக்குக் காபியைப் பக்கத்து வீட்டில் குடித்துக்கொள்ளுங்கள்.

முறையான வைத்தியம் குழாயை மேலே தூக்குவது. இரண்டு ஆள் வேண்டும், மூன்றாவதாக ஓர் ஆள் மேலே நின்று “பாத்து, பாத்து” என்று சொல்ல வேண்டும். மேலே வரும் புட்வால்வைக் கிட்டத்தில் பாருங்கள். சல்லடைக் கண்களை மூடிப் பாசி, அதற்குள் வேப்பங்குச்சி, நத்தைக் கூடு, சுருண்ட தலைமுடி. உள்ளே ரப்பர் மடல் ஓரம் மடிந்து, மடிப்பில் ஒரு மணல் பரல் குந்தியிருக்கும். உங்கள் வீட்டில் நாலு நாளாக நடந்த சண்டைக்கெல்லாம் அந்தப் பரல்தான் காரணம். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். மடல் கிழிந்திருந்தால் புதிதாகப் போடுங்கள்.

புட்வால்வு சுத்தம், ஆனாலும் தண்ணீர் துப்பித் துப்பி, நுரைத்துக்கொண்டு வருகிறது என்றால் பம்பு ஏர் வாங்குகிறது. கீறல் விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. எந்த ஜாயிண்டில் என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. சோப்பு நுரை இங்கே உதவாது, காற்று வெளியே வரவில்லை, உள்ளே போகிறது. ஒரு ஊதுபத்தி கொளுத்துங்கள். மோட்டார் ஓடும்போது உறிஞ்சு குழாயின் ஒவ்வொரு ஜாயிண்டிலும் மெல்லக் காட்டிக்கொண்டே வாருங்கள். எங்கே புகை சட்டென்று உள்ளே வளைகிறதோ அங்கேதான் கோளாறு. தெருவில் போகிறவர்கள் ஆயுத பூஜை முன்கூட்டியே வந்துவிட்டதோ என்று பார்ப்பார்கள், பார்க்கட்டும். ஆடியில் மட்டும் இது நடக்காது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று ஊதுபத்தியை அணைத்து, உங்கள் வேட்டியையும் ஒரு வழி பண்ணிவிடும். குடை பிடிக்க ஓர் ஆள் வேண்டும். ஓட்டை தெரிந்ததும் யூனியனைக் கழற்றி வாசர் மாற்றுங்கள், மரைக்கு டேப் சுற்றுங்கள். அவசரத்துக்கு எம்-சீல் அப்பினாலும் ஒரு மாசம் ஓடும்; நம் ஊரில் அந்த ஒரு மாசம் ஆறு வருஷம் வரை போனதுண்டு.

மோட்டார் ‘ம்ம்ம்’ என்று முனகுகிறது, சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர். விலை அற்பம். சாயங்காலம் மட்டும் முனகினால் வோல்டேஜ்.

இவ்வளவும் சரியாக இருந்து, தொட்டியும் நிரம்பி, மாடிக் குளியலறை ஷவரில் மட்டும் தண்ணீர் அழுகிறதென்றால் பம்பை விட்டுவிடுங்கள், பாவம் அது. தொட்டித் தண்ணீர் பத்து மீட்டர் உயரத்தில் நின்றால் குழாயில் ஒரு கிலோ பிரஷர். ஷவருக்கு ஐந்தடி மேலே தொட்டியை வைத்திருக்கிறீர்கள். ஒரு கிலோவில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது. இதற்குச் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஷவர் வாங்கி மாட்டினால் தண்ணீர் எந்தத் துளை வழியாக வருவது என்று குழம்பிப்போகும். பிரஷர்தான் வேண்டும் என்பவர்கள் பஸ் ஏறிப் பேரருவிக்குப் போகலாம். அங்கே பிரச்சினையே நேர்மாறு. மலையிலிருந்து விழும் தண்ணீர் நடுவழியில் பொங்குமாங்கடலில் விழுந்து வேகம் தணிந்து, பிறகே நம் தலைக்கு வருகிறது. அந்தப் பள்ளம் மட்டும் இல்லையென்றால் சீசனுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கடைசியாகச் சித்திரை, வைகாசி. சிற்றாற்றில் தண்ணீர் ஒடுங்கி, குளமும் வற்றிவிட்டால் வீட்டுக் கிணறு எங்கே நிற்கும்? இருபத்தைந்து அடியைத் தாண்டிவிடும். அப்போது செய்ய வேண்டியது, கிணற்றுக்குள் குறுக்கே இரும்பு கர்டர் போட்டு மோட்டாரையே கீழே இறக்குவது. நல்ல யோசனை, மலிவான யோசனை, ஊரில் பாதிப் பேர் செய்த யோசனை. இறக்கியவர்கள் அதோடு மறந்தும் போவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்ததும் தண்ணீர் படி படியாக ஏறி மோட்டாரைத் தொட்டுவிடும். 2023 டிசம்பர் 17, 18இல் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை படிப்படியாகக்கூட ஏற நேரம் கொடுக்கவில்லை. ஆகவே மோட்டாரை இறக்கும்போதே மேலே ஒரு கப்பியும் சங்கிலியும் மாட்டிவிடுங்கள்; டெலிவரிக் குழாயில் கை எட்டும் இடத்தில் ஒரு யூனியன் வையுங்கள்; புரட்டாசி முடிவதற்குள் தூக்கிவிடுங்கள். தூக்கத் தவறினால் காயில் கட்டும் கடைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், கார்த்திகையில் அங்கே பத்து மணிக்கு மேல் மோட்டாரைக் கீழே வைக்க இடம் இருக்காது.