ஷிப்ட் முதலாளி

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மண்ணூரிலிருந்து ஒரகடம் வரை எந்த டீக்கடையில் நின்றாலும் இவர் கண்ணில் படுவார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, சட்டைப் பையில் விசிட்டிங் கார்டு. அட்டையில் 'டெக்னீசியன்', கார்டில் 'புரொப்ரைட்டர்'. ஏ ஷிப்ட் வாரத்தில் மதியத்துக்குமேல் முதலாளி. பி ஷிப்டில் மதியம் வரை முதலாளி. சி ஷிப்ட் வந்துவிட்டால் முதலாளி பகலில் தூங்குவார், மனைவிதான் நிர்வாக இயக்குநர். என்ன தொழில் என்று கேட்டால் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். தவணையில் எடுத்த குட்டியானை வண்டி, வடமாநிலப் பையன்களுக்கு வாடகைக்கு விட்ட மாடி அறைகள், தண்ணீர் கேன், ஞாயிற்றுக்கிழமையானால் மனை புரோக்கர். சூப்பர்வைசரிடம் "சரிங்க சார்" என்று இறங்கும் குரல், போனை மாற்றியதும் "ஏம்பா, இன்னும் லோடு ஏத்தலையா?" என்று ஏறும். சங்கக் கூட்டத்தில் எட்டு மணி நேர வேலைக்காகக் கோஷம் போட்டுவிட்டு வந்து, தன் டிரைவர் ஏழு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டான் என்று புலம்புவதும் இவரே.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும், இந்த வட்டாரத்தின் வரலாற்றை இவரைப்போல் படித்தவர் குறைவு. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில், நல்ல நாளில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். வரி வழக்கில் மாட்டி, மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறிய நோக்கியா கைபேசித் தொழிலில் சேராமல் தனித்து நின்ற அந்த ஆலை, 2014 நவம்பர் 1ஆம் தேதி நின்றுபோனது. அதை நம்பியிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அந்த டிசம்பரிலேயே உற்பத்தியை நிறுத்தியது. பிறகு அதே ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்யத் திரும்பி வந்தது. நோக்கியா வளாகத்துக்குச் சார்ஜர் செய்யும் சால்காம்ப் குடிவந்தது. 2022இல் மறைமலைநகரில் உற்பத்தியை நிறுத்திய ஃபோர்டு, மறுபடி வருவதாக 2024இல் அறிவித்தது. கம்பெனி வந்தால், போனால், மறுபடி வந்தால் அது வியாபார உத்தி. நம்மவர் ஒரு குட்டியானை வாங்கினால் மட்டும் மனசு நிலையில்லாதவர்!

அப்படியானால் வேலையை விட்டுவிட்டு முழு முதலாளியாக வேண்டியதுதானே என்பார்கள். குட்டியானைக்குக் கடன் வாங்கப் போனவருக்குத்தான் தெரியும், வங்கி முதலில் கேட்பது சம்பளச் சீட்டைத்தான். பி.எஃப். திட்டத்தில் கம்பெனியும் தன் பங்குக்கு 12 சதவீதம் போடுகிறது. ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு சேவை வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது. புரொப்ரைட்டருக்குத் தைரியம் கொடுப்பதே டெக்னீசியன்தான். சட்டம் விடுமா என்பது அடுத்த கேள்வி. ஒரே நாளில் இரண்டு தொழிற்சாலைகளில் ஒருவரை வேலை வாங்கக் கூடாது என்றுதான் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. தண்ணீர் கேன் போடுவதைப் பற்றி அது மூச்சுவிடவில்லை. கம்பெனியின் நிலையாணை மூச்சுவிடலாம். அதைப் படித்துவிட்டு விசிட்டிங் கார்டை மனைவி பெயரில் அடிப்பது இவர் வழக்கம். ஒரு ஆட்சேபணையை மட்டும் சிரித்துத் தள்ள முடியாது. பகலெல்லாம் லோடு அடித்துவிட்டு இரவு பிரஸ் மெஷின் முன்னால் நிற்பவரை அந்த மெஷின் புரொப்ரைட்டர் என்று மதிக்காது, விரலைக் கேட்கும். அங்கே ஒரு வருமானத்தைக் குறைத்துக்கொள்வதுதான் புத்தி.

இவருடைய கணக்கில் பெரிய ஓட்டை வேறொரு இடத்தில் இருக்கிறது. குட்டியானை ஏற்றுவது கம்பெனி லோடு. மாடியில் இருப்பவர்கள் கம்பெனி ஆட்கள். தண்ணீர் கேன் போவதும் அவர்கள் அறைக்கே. மனை விலை ஏறுவதும் கம்பெனி வருகிறது என்ற பேச்சில்தான். நான்கு தொழில் என்று இவர் விரல் விட்டு எண்ணுகிறார். நான்குக்கும் வாசல் ஒன்று. அந்த வாசலில் பூட்டு விழுந்தால் சம்பளமும் வாடகையும் ஒரே மாதத்தில் நிற்கும், தவணை மட்டும் நிற்காது. இவரோடு அதே லைனில் நின்றுகொண்டு, மாலையில் மோட்டார் காயில் கட்டக் கற்றுக்கொண்டவர் அவ்வளவாகப் பேசுவதில்லை, விசிட்டிங் கார்டும் அடித்ததில்லை. ஆனால் கிணற்று மோட்டார் பேரம்பாக்கத்திலும் எரியும், அரக்கோணத்திலும் எரியும்.

ஆகவே குட்டியானை எடுக்கப் போகிறவர்களே, தாராளமாக எடுங்கள். முதல் லோடை மட்டும் உங்கள் கம்பெனி கேட்டில் தேடாமல், வாலாஜாபாத் பக்கம் நெல் மூட்டை இருக்கிறதா என்று விசாரியுங்கள்.